கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை நள்ளிரவு வரை ஏன் வைப்பதில்லை?

குடில் என்பது இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தை வைக்கோலாலும் சுரூபங்களாலும் (சிலைகளாலும்) காட்டும் அமைப்பு. தமிழகக் கத்தோலிக்கக் கிராமப் பங்குகள் (ஓர் ஆலயத்தைச் சார்ந்த இறைமக்கள் சமூகங்கள்) பலவற்றில் அது முன்னதாகவே தயாராகிவிட்டாலும், தீவனத் தொட்டி வெறுமையாகவே இருக்கும்; டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலி வழிபாட்டில், மணியோசையுடன் வானவர் கீதம் (இறைவனைப் புகழும் 'உன்னதங்களிலே' பாடல்) பாடப்படும் வேளையில்தான் குழந்தையின் சுரூபம் வெளிப்படுத்தப்படும். அதற்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் காத்திருப்புக்கு உரியது என்பதும், அக்கால ஞாயிறுகளில் அந்தக் கீதமே பாடப்படுவதில்லை என்பதும் இதற்குக் காரணம். அலங்கரித்த மணமேடை மணமக்களுக்காகக் காத்திருப்பதைப் போன்றது இது.

1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நடத்திய விழாவே இவ்வழக்கம் பரவ வழிவகுத்தது. நம் ஊர்களில், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் திருப்பலி இலத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது; மூங்கில் சிம்பில் வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரங்களின் இடத்தை இப்போது கடை நட்சத்திரங்கள் பிடித்துவிட்டன (பழையவையே அழகு என்பது என் எண்ணம்). குடிலின் வழக்கமோ மாறவில்லை.

டிசம்பர் 25உடன் விழா முடிந்துவிடுவதாகப் பலர் கருதினாலும், திருச்சபை நாள்காட்டியில் கிறிஸ்து பிறப்புக் காலம் அன்றுதான் தொடங்கி, ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது.