தோழியின் போனை வாங்கிக்கொள்ளுங்கள்

அன்புள்ள அக்கா,

என் தோழி ஒரு திருநங்கை. தன் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வீடியோ போட்டாள். ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான வசவுகள். அவள் எப்போதோ விட்டுவிட்ட பழைய பெயரைத் தோண்டியெடுத்து அதைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். நான் ஒவ்வொருவனுக்கும் பதில் எழுதினேன். இன்னும் மோசமாகிவிட்டது. அக்கவுண்டை மூடிவிடச் சொல்லலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

மூடச் சொல்லாதீர்கள். அவளாகக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்க நினைத்தால் சரி. நீங்கள் சொன்னால், அவர்கள் கத்துவதையே உங்கள் வாயாலும் கேட்பாள்.

பதில் எழுதுவதையும் விடுங்கள். கோபம் நியாயம்தான், ஆனால் நீங்கள் எழுத எழுத அந்த வசவுகள்தான் மேலே வருகின்றன.

பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு இப்படி நடந்தது. போனில் இருக்கும் ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு வசவையும் அதே நிதானமான குரலில் அவர் காதில் வாசித்தது. நாமாவது சட்டென்று கண்ணை எடுத்துவிடலாம்; அவர் முதல் சொல்லைக் கேட்டால்தான் அது வசவு என்றே தெரியும். மூன்றாம் நாள் அவரிடம் கேட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் முறைவைத்து அந்த போனை வாங்கிக்கொண்டோம். படித்தது நாங்கள். அன்று இரவு அவர் தூங்கினார்.

நீங்களும் அதைச் செய்யுங்கள், அவள் சம்மதித்தால். பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அக்கவுண்ட் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும், லிங்க்கையும் சேர்த்து வையுங்கள். அப்புறம் ரிப்போர்ட். பிளாக் செய்தால் வேறு பெயரில் வருவான் என்று பயந்தால், இன்ஸ்டாகிராமில் 2019 முதல் 'ரெஸ்ட்ரிக்ட்' இருக்கிறது. அவன் எழுதும் கமெண்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டு முகவரியைப் போட்டாலோ, நேரில் வருவேன் என்றாலோ காத்திருக்காதீர்கள், அவளோடு போய்ப் புகார் கொடுங்கள். 2020இல் யுனெஸ்கோவும் சர்வதேசப் பத்திரிகையாளர் மையமும் நடத்திய கருத்துக்கணிப்பில், பதிலளித்த பெண் பத்திரிகையாளர்களில் 73 சதவீதம் பேர் இணைய வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். அதன் தொடர்ச்சியாக வெளியிலும் தாக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 20 சதவீதம். 'வெறும் பேச்சுதானே' என்பவர்களை நம்பாதீர்கள்.

இன்னொன்று. அந்தக் குவியலுக்குள் அவள் ஆராய்ச்சியைப் பற்றி உண்மையாகவே கேள்வி கேட்டவர்கள் சிலராவது இருப்பார்கள். தேடியெடுத்து, அதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா