கடல் நீந்தினவருக்கு மலை ஏரி என்ன பெரிசோ?

கேள்வி: நாங்கள் பேர்ண்ல இருக்கிறம். லீவுக்கு காண்டர்ஸ்டேக் போய் ஒஷினென் ஏரியில குளிக்கிற பிளான். இவர் வல்வெட்டித்துறையில வளர்ந்தவர், "கடலையே நீந்தினனான், உந்தக் குளம் என்ன" எண்டு சொல்லி அங்கால கரை மட்டும் நீந்திப்போட்டு வரப்போறாராம். 13 வயசு மகனும் தானும் போறன் எண்டு நிக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்கு.
- பேர்ண் வாசகி

பதில்: தங்கச்சி, நீங்கள் பயப்பிடுறது சரிதான், இதை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அவருக்கு நீச்சல் தெரியாதெண்டு நான் சொல்லேல்ல. ஆனா எங்கட ஊர்க் கடல் பெரும்பாலும் 26 பாகைக்கு மேல, உப்புத் தண்ணி ஆளைத் தூக்கியும் குடுக்கும். ஒஷினென் 1578 மீற்றர் உயரத்தில, புளூம்லிசால்ப் மலைப் பக்கம் பனி உருகி வாற நல்ல தண்ணி, ஆழம் 50 மீற்றருக்கு மேல. வெயில் நாளில கரையோரம் இதமாத்தான் இருக்கும், கொஞ்சம் உள்ள போக, இல்லாட்டி ஓடை வந்து விழுற பக்கம் போக, திடீரெண்டு கால் விறைக்கும்.

ஆபத்து முதல் ரெண்டு மூண்டு நிமிசத்திலதான் கூட. 15 பாகைக்குக் கீழ உள்ள தண்ணிக்குள்ள சட்டெண்டு விழுந்தால் நெஞ்சு தானா மூச்சை இழுக்கும், எங்களால அடக்க ஏலாது, அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியைத்தான் இழுப்பம், இதயமும் படபடக்கும், நல்ல நீச்சல்காரரும் இதிலதான் போறவை. கொண்டோலாவால இறங்கி நடந்து வேர்த்து விறுவிறுத்து வந்த கையோட பாயவே கூடாது, சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின்ர குளிப்பு விதியளிலயும் இது இருக்கு. நிழல்ல இருந்து ஆறி, முகம் கழுத்து நெஞ்சு நனைச்சு, மெல்ல மெல்ல இறங்கோணும். மூச்சு வாங்கினா நீந்த வெளிக்கிடாமல் மல்லாந்து மிதந்து அது அடங்கும் வரைக்கும் நிக்கோணும். அதுக்குப் பிறகும் கை கால் சோரத் தொடங்கும், விரல் ஒண்டோட ஒண்டு சேராமல் விரிஞ்சு நிண்டால் உடன கரைக்கு வரோணும். அதாலதான் அங்கால கரை வேண்டாம் எண்டுறன், நடுவில களைச்சா பிடிக்க ஒண்டும் இல்லை. கரையோரமா, கால் எட்டுற தூரத்தில, கொஞ்ச நேரம் நீந்தட்டும், இடுப்பில ஒரேஞ்ச் மிதவை கட்டிக்கொண்டு, நீங்களோ வேற ஆளோ கரையில பாத்துக்கொண்டு நிக்க.

1971ல பாக்குநீரிணையை நீந்திப்போய்த் திரும்பின அவரின்ர ஊர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1984ல ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போன இடத்தில இறந்தவர். அவ்வளவு பெரிய நீச்சல்காரர். இதை உங்கட மனுசனுக்குக் கட்டாயம் ஞாபகப்படுத்துங்கோ.

மத்தியானத்துக்குப் பிறகு மலையில இடிமழை சடாரெண்டு வரும், காலமையே குளிச்சு முடியுங்கோ. தூன் ஏரி மாதிரிப் பெரிய ஏரியளில கரையில ஒரேஞ்ச் லைற் நிமிசத்துக்கு 40 தரம் மின்னினா எச்சரிக்கை, 90 எண்டால் புயல், உடன வெளியில வரோணும்.

வெளியில வந்தாப் பிறகும் உடம்பு உள்ளுக்குள்ள இன்னும் கொஞ்ச நேரம் குளிரும். ஈர உடுப்பைக் கழட்டி, துவாயால துடைச்சு, ஜம்பரும் தொப்பியும் போட்டு, பிளாஸ்க்கில இனிப்புத் தேத்தண்ணி குடுங்கோ. நடுங்கிறது நிக்கும் வரைக்கும் கார் ஓட விடாதேங்கோ.

மகன் நெஞ்சளவு தண்ணியோட நிக்கட்டும், காத்தடிச்ச மெத்தையை நம்பி ஆழத்துக்கு அனுப்பாதேங்கோ. ஏதும் நடந்தா 144, இல்லாட்டி 112. ஃபோனில சார்ஜ் இருக்கோ எண்டு போக முதலே பாருங்கோ.