வேதியியலா உயிரியலா என்று தவிக்கும் மகளுக்கு

மகளுக்கு வேதியியலும் பிடிக்கிறது, உயிரியலும் பிடிக்கிறது, உயிர்கரிம வேதியியல் (உயிர்களில் உள்ள பொருள்களையும் வினைகளையும் கரிம வேதியியல் வழியில் ஆராயும் துறை) படிக்கப்போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுங்கெட்டானாகப் போய்விடுமோ என்பது உங்கள் கவலை. என் பதில், தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் இளநிலையிலேயே அந்தப் பெயரில் ஒரு பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். முதலில் வேதியியல், அதிலும் கார்பன் சேர்மங்களைப் பற்றிய கரிம வேதியியலை ஊன்றிப் படிக்கட்டும். உயிரியலை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். வினை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் உயிரியலிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள்.

இந்தத் துறையை வளர்த்தவர்களைப் பாருங்கள். சர்க்கரைகளின் அமைப்பைக் கண்டறிந்து 1902-இல் நோபல் வாங்கிய எமில் ஃபிஷர் அடிப்படையில் கரிம வேதியியலாளர். வின்சென்ட் டு விக்னோ 1953-இல் ஆக்சிடோசினை ஆய்வகத்திலேயே தயாரித்தார். அந்த ஹார்மோனில் அமினோ அமிலங்கள், அதாவது புரதங்களைக் கட்டும் சிறு அலகுகள், ஒன்பதுதான், ஆனால் அன்றைக்கு அது மலைக்கவைத்த சாதனை. ஒவ்வொன்றாகக் கோத்து, ஒவ்வொரு முறையும் கிடைத்ததைப் பிரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும்.

அந்தத் தொல்லையைத் தீர்த்தவர் புரூஸ் மெரிஃபீல்ட். வேதியியல் படித்துவிட்டு உயிர்வேதியியல் ஆய்வுக்குப் போனவர். முதல் அமினோ அமிலத்தைச் சின்னஞ்சிறு பாலிஸ்டைரீன் மணியில் ஒட்டிவிட்டார். அடுத்தடுத்து வருபவை அதன்மேல் சேரும். மிஞ்சியதை வடிகட்டிக் கழுவினால் போதும், பெப்டைட், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, மணியிலேயே இருக்கும். 1963-இல் தனி ஆளாக வெளியிட்ட கட்டுரையில் அவர் காட்டியது நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட். 1984-இல் நோபல் வந்தது. இன்று பெப்டைட் தயாரிக்கும் தானியங்கிக் கருவிகளின் அடிப்படை அதுதான்.

'கருவிதான் செய்கிறதே, படித்தவர் எதற்கு?' என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் நடந்தால், 50 இணைப்புகளுக்குப் பிறகு சரியான பெப்டைட் ஏறத்தாழ 60 சதவீதம் மிஞ்சும். அதுவே 95 சதவீதம் என்றால் 8 சதவீதம்கூடத் தேறாது. எந்த இணைப்பு ஏன் சொதப்புகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்கிறவருக்குத்தான் சம்பளம்.

கரோலின் பெர்டோசியின் கதையும் இதே ரகம். 1919-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் கண்டறிந்த ஒரு வினையை எடுத்து, உயிருள்ள செல்லின் மேற்பரப்பிலேயே நடக்கும்படி மாற்றி 2000-இல் வெளியிட்டார். அந்த வழியில் தொடர்ந்த ஆய்வுக்கு 2022-இல் நோபலில் பங்கு கிடைத்தது. பழைய கரிம வேதியியல் கைவசம் இல்லாதவருக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகமே. விதிவிலக்கும் உண்டு, மறைக்கவில்லை. நொதிகளை மாற்றியமைத்து 2018-இல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்டின் முதல் பட்டம் இயந்திரப் பொறியியல் சார்ந்தது!

வேலை என்று பார்த்தால் மருந்து கண்டுபிடிப்பு, பெப்டைட் தயாரிப்பு, தொழில்துறை நொதிகள், தரக்கட்டுப்பாடு எல்லாம் உண்டு. முதுநிலையோடு நின்றால் பெரும்பாலும் ஆய்வகத்தில் பிறர் திட்டத்தைச் செய்து கொடுக்கும் வேலை. திட்டத்தைத் தானே வகுக்க வேண்டுமென்றால் பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும், அதற்கு மேலும் நான்கைந்து வருடம் ஆகும். அந்தக் காலத்தைத் தாங்க வீட்டில் வசதியும் அவளிடம் பொறுமையும் இருக்கிறதா என்று இருவரும் மனம்விட்டுப் பேசுங்கள். மதிப்பெண்ணைவிட அது முக்கியம். ஒரே வினையைப் பத்துத் தடவை செய்து ஒன்பது தடவை தோற்றாலும் மறுநாள் ஆய்வகத்துக்குப் போகிற மனசு வேண்டும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தை விட்டுவிட்டு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டுவது), எச்பிஎல்சி (கலவையைப் பிரித்துக் காட்டுவது) கருவிகளை இளநிலை மாணவர்கள் தங்கள் கையால் இயக்கலாமா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும்தானா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.