ஒரு கிராம் எதிர்ப்பொருள்: விடை ஏன் பாதியாக வருகிறது?

ஒரு கிராம் எதிர்ப்பொருள் (சாதாரணப் பொருளோடு மோதினால் இரண்டும் அழிந்து ஆற்றலாக மாறும் பொருள்) அழிந்தால் எவ்வளவு ஆற்றல் வரும் என்ற கணக்கில், உங்கள் விடை புத்தக விடையில் பாதிதான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். புத்தகத்தில் உள்ள 180 லட்சம் கோடி ஜூல்தான் சரி. உங்களுக்கு 90 லட்சம் கோடி வந்ததற்குக் காரணம், எதிர்ப்பொருளின் ஒரு கிராமை மட்டும் கணக்கில் எடுத்ததாக இருக்கும். அதோடு மோதும் சாதாரணப் பொருளிலும் ஒரு கிராம் அழிகிறதே! E = mc² வாய்பாட்டில் நிறையை 2 கிராம் என்று போடுங்கள்.

சரிபார்க்க: எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மெதுவாகச் சந்தித்தால் பெரும்பாலும் இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிராகப் பாயும், ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இந்த இரண்டின் நிறையையும் சேர்த்து அதே கணக்கைப் போட்டால் மொத்தம் 1022 வரவேண்டும்.

இது ஆய்வகத்தில் மட்டும் நடப்பதில்லை. நம் திருவையாற்றுப் பூவன் பழத்திலுள்ள பொட்டாசியம்-40 (பொட்டாசியத்தின் கதிரியக்க வகை) எப்போதாவது ஒரு பாசிட்ரானை விடும். அது தோலைத் தாண்டுமுன்பே ஓர் எலக்ட்ரானிடம் மாட்டிக்கொள்ளும். தைரியமாகச் சாப்பிடலாம்.

அப்புறம், புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதினால் முதலில் பையான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள்தான் வரும். கடைசியில் ஆற்றலில் ஒரு பங்கை, எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ என்ற துகள்கள் கொண்டுபோய்விடும். அதனால் அந்த 180 முழுவதும் வெப்பமாகக் கைக்கு வராது.