கேம், சிமுலேஷன் வெச்சு பாடம் நடத்தினா பசங்களுக்கு நெஜமாவே புரியுமா?

புரியும், ஆனா எப்படி யூஸ் பண்றீங்கன்றத பொறுத்துதான். நான் குடியாத்தம் பக்கம் டியூஷன் எடுக்கறேன், கரண்ட் பாடம்னா ஃபெட் (PhET) வெப்சைட்ல இருக்கற சிமுலேஷன்தான், அதாவது கம்ப்யூட்டர்லயே செஞ்சு பாக்கற சோதனை. ஃபெட் அமெரிக்கால கொலராடோ யுனிவர்சிட்டில 2002ல கார்ல் வீமன் ஆரம்பிச்சது, 2001ல ஃபிசிக்ஸ் நோபல் வாங்கினாரே அவருதான். எல்லாமே ஃப்ரீ, தமிழ்லயும் இருக்கு. ஒரு பேட்டரில ஒரு பல்பு மாட்டிட்டு வரிசையா இன்னொன்னு சேத்தா ரெண்டுமே மங்கிடும், வயருக்குள்ள எலக்ட்ரான் மெதுவா நகர்றத கண்ணால பாக்கலாம், நெஜ வயர்ல இது எங்க தெரியும்? சிமுலேஷன்ல பேட்டரியோட ரெண்டு முனையையும் வெறும் வயரால இணைச்சா ஸ்க்ரீன்ல தீ புடிக்கும், பசங்க மொதல்ல அதத்தான் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

ஆனா சும்மா விளையாடுன்னு விட்டா வேஸ்ட்டு. "இன்னொரு பல்பு போட்டா இன்னா ஆவும்?"னு கேட்டு நோட்ல எழுத வெச்சிட்டு அப்பறம் ஓட்டுங்க, ஏன் மாறிப்போச்சுன்னு அவங்களே சண்டை போட்டுக்கட்டும். பாயின்ட்டு, ஸ்டாருன்னு வர்ற க்விஸ் கேம் எல்லாம் ரிவிஷனுக்கு ஓகே, புதுசா ஒன்ன புரிய வைக்க பத்தாது. நெட் இல்லனாலும் கவலையில்ல, முன்னாடியே டவுன்லோடு பண்ணி வெச்சிக்கலாம். கடைசில நெஜ பேட்டரி, டார்ச் பல்பு ரெண்டையும் கைல குடுத்துடுங்க, லூஸ் கனெக்‌ஷன்னா இன்னான்னு அதுலதான் தெரியும்.