புது வெர்ஷன் வந்திருக்கிறது என்றால் உடனே அமுக்கிவிடலாமா?

தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்காரர்களிடம் இறால், கணவாய், நண்டு எடுக்கும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வாசகி கேட்டிருக்கிறார்:

"அண்ணே, எங்கள் கம்பெனியில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று விண்டோஸ் 10, இன்னொன்று பழைய விண்டோஸ் 7. இரண்டிலும் லிப்ரே ஆபிஸ், விஎல்சி, செவன் ஜிப், நோட்பேட் பிளஸ் பிளஸ், ஜிம்ப் இருக்கிறது. எதைத் திறந்தாலும் புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று ஏதாவது ஒன்று கேட்கிறது. நெட் என்னுடைய மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. பழைய கம்ப்யூட்டரில் புது லிப்ரே ஆபிஸ் ஏறவே மாட்டேன் என்கிறது. அமுக்குவதா விடுவதா? படகு முன்பணக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது, போய்விட்டால் நான் என்ன செய்வேன்?"

தங்கச்சி, முதலில் அந்தக் கடைசிக் கேள்வி. லிப்ரே ஆபிஸை அப்டேட் செய்வதால் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் கணக்குக் கோப்புகள் அழியாது. மென்பொருள் ஓரிடத்தில் இருக்கிறது, கோப்புகள் வேறிடத்தில் இருக்கின்றன, அப்டேட் முன்னதை மட்டும்தான் மாற்றுகிறது. சிக்கல் வருவது அதற்கு அப்புறம்: புது வெர்ஷனில் பழைய கோப்பைத் திறக்கிறோம், ஏதோ ஒன்று மாறித் தெரிகிறது, கவனிக்காமல் சேவ் கொடுத்துவிடுகிறோம். அதனால் அமுக்குவதற்கு முன்னால் கணக்கு ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அந்தப் பென் டிரைவைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுங்கள். கழற்றுவது முக்கியம். செருகியே இருக்கும் பென் டிரைவ், கம்ப்யூட்டருக்குக் கேடு வந்தால் தானும் மாட்டிக்கொள்ளும்.

இனி அமுக்குவதா விடுவதா என்பது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு மென்பொருளிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இது யாருடைய கோப்பைத் திறக்கிறது? வெளியாள் அனுப்புவதைத் திறக்கும் மென்பொருள் என்றால் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் சொந்த வேலையைத் தாங்கி நிற்கும் மென்பொருள் என்றால் கொஞ்சம் பொறுத்து, நாள் பார்த்து ஏற்றுவது நல்லது.

வெளியாள் கோப்பு என்றதும் முதலில் வருவது, சுருக்கிக் கட்டிய ஜிப் கோப்புகளைப் பிரிக்கும் செவன் ஜிப்தான். இதை இகோர் பாவ்லோவ் என்பவர் 1999 முதல் எழுதி வருகிறார். இரண்டு எம்பிகூட இல்லாத சின்ன மென்பொருள், கொடுக்கும் வேலையைச் சுத்தமாகச் செய்யும். ஒரே ஒரு விஷயம், அது தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளாது, புதிது வந்திருக்கிறது என்று கேட்கவும் கேட்காது. உங்களிடம் எதெதுவோ கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், கேட்காமல் இருக்கும் இதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். போன வருடம் பாம்பனில் ஒரு கடையில் உட்கார்ந்து ஹெல்ப் மெனுவில் அபவுட் திறந்து பார்த்தேன், 9.20 என்று இருந்தது. அது 2010இல் வந்த வெர்ஷன். அத்தனை வருடமாக மெயிலில் வந்த எல்லா ஜிப் கோப்பையும் அதில்தான் பிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அதனால் என்ன ஆகும் என்று கேட்டால் ஒரு உதாரணம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு விண்டோஸ் ஒரு அடையாளம் வைக்கும், 'இது வெளியிலிருந்து வந்தது' என்று. நீங்கள் அதை ஓட்டப் போனால் எச்சரிக்கை வருவது அந்த அடையாளத்தால்தான். ஜிப்புக்குள் இன்னொரு ஜிப் வைத்து அனுப்பினால், பழைய செவன் ஜிப் பிரிக்கும்போது உள்ளே இருந்த கோப்புக்கு அந்த அடையாளம் ஒட்டாமல் போனது. அதைப் பயன்படுத்தி நிஜமாகவே தாக்குதல்கள் நடந்தன. 2024 நவம்பர் கடைசியில் வந்த 24.09 வெர்ஷனில் அந்த ஓட்டை அடைபட்டது. ஏற்றுமதி கம்பெனியிலிருந்து பில் என்று ஜிப் வந்தால் நீங்கள் திறக்காமல் இருக்க முடியாது, அதனால் இதை இன்றைக்கே செய்யுங்கள். விண்டோஸ் 7லும் ஏறும்.

விஎல்சியும் இதே வகைதான். வெறும் வீடியோ ஓட்டுவதில் என்ன ஆபத்து என்று தோன்றும். 2017இல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் காட்டியது வீடியோகூட இல்லை, சப்டைட்டில் கோப்பு. தீய நோக்கத்தோடு எழுதிய ஒரு சப்டைட்டிலை ஏற்றினாலே கம்ப்யூட்டரின் கட்டுப்பாடு கைமாறலாம் என்று விஎல்சி உட்பட நான்கு பிளேயர்களில் நிரூபித்தார்கள். விஎல்சியின் 3.0 வரிசை 2018 பிப்ரவரியில் வந்தது. அதற்குப் பின் 3.0க்கு அடுத்து வரும் எண் கூடிக்கொண்டே போகிறது, அவை பெரும்பாலும் இந்த மாதிரி ஓட்டைகளை அடைக்க வந்தவை. முகப்பு மாறாது, பழகிய கைக்கு வித்தியாசமே தெரியாது. இந்த ரக அப்டேட்டை யோசிக்காமல் அமுக்கலாம். இதுவும் பழைய கம்ப்யூட்டரில் ஓடும்.

சரி, லிப்ரே ஆபிஸ். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் உங்கள் பிழைப்பு அதில் இருக்கிறது.

வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடு, பிப்ரவரியை ஒட்டி ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. 2024இல் எண் வைக்கும் முறையை மாற்றினார்கள். அதற்கு முன் 7.6 என்று வந்தது, அதற்கு அடுத்தது 24.2. வருடமும் மாதமும்தான் இப்போது எண். 25.8 என்றால் 2025 ஆகஸ்ட் வெளியீடு. அதற்குப் பின்னால் வரும் மூன்றாவது எண்ணைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். 25.8.0 என்றால் சூளையிலிருந்து சூடாக வந்த செங்கல், 25.8.3, 25.8.4 என்றால் உலகம் முழுக்க ஆட்கள் பயன்படுத்திப் பார்த்துச் சொன்ன பிழைகளைத் திருத்தி வந்தது. டவுன்லோடு பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு வரிசை இருக்கும், ஒன்று புதியது, இன்னொன்று அதற்கு முந்தைய வரிசையின் திருத்திய வெர்ஷன். கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்கு நான் எப்போதும் இரண்டாவதைத்தான் போடச் சொல்வேன். அதற்கும் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது, புது வசதி நாலு மாதம் கழித்து வந்தால் இறால் கணக்குக்கு ஒன்றும் குறையாது. ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை, அதனால் வந்ததை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்காரவும் கூடாது.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. நீங்கள் செட் பண்ணி வைத்திருக்கும் ஃபான்ட், டூல்பார், டெம்ப்ளேட் எல்லாம் ஒரு தனி ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இரண்டு சதவீதக் குறிக்கு நடுவே ஆப்டேட்டா என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் இடத்தில் லிப்ரே ஆபிஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 4 என்று ஒன்று. வெர்ஷன் எது வந்தாலும் அந்த 4தான், நான்காம் வெர்ஷன் காலத்துப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதை அப்படியே பென் டிரைவுக்கு நகலெடுங்கள். புது வெர்ஷனும் இதே ஃபோல்டரைத்தான் எடுத்துப் பயன்படுத்தும், ஏதாவது குழம்பினால் பழையதைத் திரும்ப வைத்துவிடலாம்.

ஏற்றியதும் நேராகக் கணக்கில் இறங்காதீர்கள். போன மாதக் கோப்பின் நகல் ஒன்றைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். மொத்தத் தொகை, நீங்கள் ஏற்கெனவே பிரிண்ட் எடுத்து வைத்த தாளோடு ஒத்துப்போகிறதா. பிரிண்ட் பிரிவ்யூவில் பக்கம் அதே இடத்தில் உடைகிறதா. மூன்றாவது தேதி, நான் பட்டதால் அழுத்திச் சொல்கிறேன். சில வருடம் முன்பு கீழக்கரையில் ஒரு கடையில் செட்டிங்ஸ் ஃபோல்டரைப் புதிதாக்கிவிட்டு வந்தேன். அதில் லொக்கேல், அதாவது தேதியை எந்த நாட்டு முறையில் படிப்பது என்ற செட்டிங், அமெரிக்க ஆங்கிலம் என்று மாறியதைக் கவனிக்கவில்லை. பழைய தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையன் 5/6 என்று ஜூன் ஐந்தாம் தேதியை அடித்தால் அது மே ஆறாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. 12ஆம் தேதி வரை இப்படியே ஓடி, 13ஆம் தேதி அடித்தபோதுதான் அது தேதியாகவே ஏறாமல் இடது பக்கம் ஒட்டி நின்றது, அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வாரப் பாக்கியை உட்கார்ந்து திருத்தினோம். ஆகவே ஒரு காலி கட்டத்தில் 13/6 என்று அடித்துப் பாருங்கள். தேதியாக ஏறாமல் இடது பக்கம் ஒட்டி நின்றால் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் லொக்கேலை இந்தியாவுக்கு மாற்றுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் ஏற மறுப்பதற்குக் காரணம் உங்கள் தவறு இல்லை. 25.8 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டுவிட்டார்கள். விண்டோஸ் 7க்கு 25.2 வரிசைதான் கடைசி. அதன் கடைசித் திருத்தத்தைப் போட்டுவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து பிரித்து எடைச்சீட்டு அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில் கைகழுவிவிட்டது, அதில் மெயில் திறப்பது நல்லதில்லை. (விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓடு சாதாரண ஆதரவு முடிந்தது, அதையும் மனதில் வையுங்கள்.)

படம் திருத்தும் ஜிம்ப் பற்றி அதிகம் இல்லை. 2018இல் வந்த 2.10க்குப் பிறகு ஏழு வருடம் கழித்து 2025 மார்ச்சில் 3.0 வந்தது. போட்ட எஃபெக்டைப் பிறகு திரும்பப் போய் மாற்றலாம், அது உண்மையிலேயே நல்ல வசதி. 2.10க்கு வாங்கி வைத்த பிளகின்கள், அதாவது கூடுதல் வசதிக்காக ஒட்டவைக்கும் சின்ன மென்பொருள்கள், இதில் வேலை செய்யாது. விலைப் பலகை செய்ய மட்டும் என்றால் விண்டோஸ் 10இல் 3.0 போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

வெறும் எழுத்துக் கோப்புகளைத் திருத்தும் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸுக்கு வேறு கதை. 2025இல் அதன் அப்டேட் போகும் வழியையே தாக்குதல்காரர்கள் பிடித்துவிட்டார்கள். மென்பொருளின் மூல நிரலைத் தொடவில்லை, அதன் தளம் வைக்கப்பட்டிருந்த ஹோஸ்டிங் சர்வரில் நுழைந்து, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் அப்டேட் என்று வேறொன்றை அனுப்பினார்கள். 8.8.9 முதல், வந்திருக்கும் கோப்பில் சரியான கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுகிறது. உங்களிடம் அதைவிடப் பழையது இருந்தால் உள்ளே வரும் அப்டேட் பட்டனை அமுக்காமல், அதன் சொந்தத் தளத்துக்குப் போய்ப் புதிதை இறக்கி ஏற்றுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அதை நீங்கள் எதற்காவது பயன்படுத்துகிறீர்களா? யாரோ போட்டுவிட்டுப் போனது என்றால் எடுத்துவிடுங்கள். இல்லாத மென்பொருளுக்கு அப்டேட் தேவையில்லை.

சொந்தத் தளம் என்றேன், அதில் கவனம். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரத்தைத் தொடவே தொடாதீர்கள், அசல் மாதிரியே பெயர் வைத்த போலித் தளங்கள் நிறைய. செவன் ஜிப்பின் தளத்தில் ஏழு என்ற எண்ணுக்கும் ஜிப்புக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு உண்டு, கடைசியில் டாட் ஆர்க். விஎல்சிக்கு வீடியோலேன் டாட் ஆர்க். இறக்கிய பிறகு ஒரு சோதனை செய்யலாம்: செவன் ஜிப் ஏற்றியிருந்தால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் சிஆர்சி ஷா என்று ஒரு வரி இருக்கும், அதில் ஷா 256 எடுத்தால் நீளமாக ஒரு எண் வரும். லிப்ரே ஆபிஸும் விஎல்சியும் தங்கள் தளத்தில் அதே எண்ணைத் தருகின்றன. முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம். லிப்ரே ஆபிஸ் மட்டும் 350 எம்பி பக்கம் வரும், ஹாட்ஸ்பாட் நடுவில் அறுந்து கோப்பு பாதியில் நின்றிருந்தாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டரை வீணாக்க மனம் இல்லையென்றால் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம். 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ரேம் 2 ஜிபி இருந்தால் ஓடும், 4 இருந்தால் வசதியாக ஓடும். அங்கே எல்லா மென்பொருளின் அப்டேட்டும் ஒரே இடத்தில் வருகிறது, ஒவ்வொன்றாகத் தளம் தேட வேண்டாம். அதில் வரும் வெர்ஷன் கொஞ்சம் பழசாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால்தான் வெளிவந்தது. புதிதைச் சுடச்சுட எடுக்கும் லினக்ஸ் பதிப்புகளுக்குள் அது போய்விட்டது. நிதானமாக எடுக்கும் டெபியன் ஸ்டேபிள், மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு ஆகியவற்றின் வெளியீடுகளுக்குள் போகவில்லை.

எப்போது செய்வது? உங்கள் பக்கம் படகுக்காரர்கள் திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போகிறார்கள், மறுநாள் காலையில் சரக்கு வந்து நிற்கும். செவ்வாய், வியாழன், ஞாயிறு எதையும் தொடாதீர்கள். சின்ன அப்டேட் எல்லாம் வெள்ளிக்கிழமை மதியம், யுபிஎஸ் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு. லிப்ரே ஆபிஸின் அடுத்த வரிசைக்கு மாறுவது, மின்ட் போடுவது போன்ற பெரிய வேலைகளை மீன்பிடித் தடைக்காலத்துக்கு வையுங்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் இருக்கிறது, ஏதாவது கோளாறானாலும் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். அதற்கு முன்பே ஒருநாள் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து ஏற்றாமலே ஓட்டிப் பார்த்து, உங்கள் பில் பிரிண்டர் அதில் அடிக்கிறதா என்று சோதியுங்கள். அடிக்கவில்லை என்றால் பிரிண்டரின் மாடல் எண்ணை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.