போக்கர் இயந்திரம் காட்டும் சீட்டையே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான் மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். ரம்மி ஆடிப் பழக்கம் உண்டு, போக்கர் ஆடியதில்லை. அடுத்த மாதம் அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போகிறோம். லாஸ் வேகாஸுக்கும் அழைத்துப் போவதாகச் சொல்கிறான். அங்குள்ள வீடியோ போக்கர் இயந்திரங்கள் சிலவற்றில், எந்தச் சீட்டுகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இயந்திரமே காட்டிவிடுமாம். அதன்படியே ஆடினால் போதுமா? அடுத்து வரப்போகும் சீட்டைத் தெரிந்துகொண்டு அது நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடாதா?

பதில்: இரண்டாவது சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நெவாடா மாநில விதிமுறைப்படி, சீட்டாட்டத்தைக் காட்டும் இயந்திரத்தில் ஒவ்வொரு சீட்டும் வருவதற்கான நிகழ்தகவு, கையால் கலைத்துப் போடும் 52 சீட்டுக் கட்டில் உள்ளதற்குச் சமமாக இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் முதலில் ஐந்து சீட்டுகள் வரும். வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தால், அவற்றுக்குப் பதில் புதிய சீட்டுகள் ஒரே ஒருமுறை வரும். இறுதியில் அமையும் ஐந்துக்குத்தான் பரிசு. இயந்திரம் தரும் பரிந்துரை, உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஐந்து சீட்டுகளையும் மீதமுள்ள 47 சீட்டுகளில் எது வேண்டுமானாலும் வரலாம் என்ற கணக்கையும் மட்டுமே வைத்துச் செய்யப்படுவது. ஐந்து சீட்டுகளில் ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்ளலாம் அல்லது கழிக்கலாம் என்பதால், ஒரு கையை, அதாவது வந்திருக்கும் ஐந்து சீட்டுகளை, ஆட 32 வழிகள் இருக்கின்றன. அவற்றில் சராசரி வரவு எதில் மிகுதியோ அதுவே சரியான வழி. இதைக் கணினி நொடிப்பொழுதில் கணக்கிட்டுவிடும். அதற்குச் சூழ்ச்சி எதுவும் தேவையில்லை.

ஆனால் எல்லா இயந்திரங்களும் இந்த முழுக் கணக்கையும் செய்வதில்லை. சில இயந்திரங்கள் ஏற்கெனவே பரிசுக்குரியதாக அமைந்துவிட்ட சீட்டுகளை மட்டும் ‘ஹோல்டு’ என்று குறித்துக் காட்டும். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ (ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் பரிசு) என்ற பரவலான ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் கையில் ஆட்டின் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 7 ஆகியவை வந்திருக்கின்றன. ஐந்தும் ஒரே இனம் என்பதால் இது ஃப்ளஷ். ரம்மியைப் போல் வரிசையாக இருக்க வேண்டிய தேவையில்லை. கட்டிய ஒவ்வொரு காசுக்கும் 6 காசு கிடைக்கும். அமைந்ததை மட்டும் பார்க்கும் இயந்திரம் ஐந்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லும். ஆனால் 7-ஐக் கழித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மீதமுள்ள 47 சீட்டுகளில் ஆட்டின் 10 வந்தால், ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை அமையும் ‘ராயல் ஃப்ளஷ்’; ஐந்து காசு கட்டியிருக்கும் நிலையில், காசுக்கு 800. வேறு ஏழு ஆட்டின் சீட்டுகளில் ஒன்று வந்தால் மறுபடியும் ஃப்ளஷ். மற்ற மூன்று 10-களில் ஒன்று வந்தால் வரிசை அமைந்து 4 காசு. எஞ்சியிருக்கும் பன்னிரண்டு ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கிகளில் ஒன்று வந்தால் ஜோடி சேர்ந்து கட்டிய காசு திரும்பும். எல்லாவற்றையும் கூட்டினால் 866. அதை 47-ஆல் வகுத்தால் சராசரி 18.4. கையிலிருக்கும் 6-ஐப் போல் இது மூன்று மடங்கு. கையில் வந்துவிட்ட ஃப்ளஷைக் கலைக்க எவருக்கும் மனம் வராது என்பதை அறிவேன். நிகழ்தகவு வகுப்பில் மாணவர்களிடம் இந்தக் கையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலோர் கலைக்க மாட்டார்கள்.

இன்னொரு கை: ஆட்டின் 4, 8, 9, ராணி, கூடவே கிளாவர் 8. ரம்மி ஆடிய கண்ணுக்கு 8 ஜோடிதான் முதலில் படும். ஆனால் ஜாக்கிக்குக் கீழான ஜோடிக்கு இந்த ஆட்டத்தில் தனியாகப் பரிசில்லை. அதை வைத்துக்கொண்டால் சராசரி வரவு 0.82 காசு, நான்கு ஆட்டின்களையும் வைத்துக்கொண்டால் 1.21. அதுவே ஜாக்கி ஜோடியாக இருந்திருந்தால் ஜோடியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே, இப்படியான கையில் இயந்திரம் எதைக் குறிக்கிறது என்று கவனித்தால், அதன் பரிந்துரை எந்த வகையைச் சேர்ந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். குறித்ததை மாற்ற, அந்தச் சீட்டை ஒருமுறை தொட்டால் போதும். ‘டிரா’ பொத்தானை அழுத்தும் வரை முடிவு உங்களுடையது.

ஆட்டம் மாறினால் விடையும் மாறும். மூன்று ஏஸ்களும் ஒரு ஜோடியும் வந்தால், அதாவது ஃபுல் ஹவுஸ் அமைந்தால், ஜாக்ஸ் ஆர் பெட்டரில் அதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு ஏஸ்களுக்குக் காசுக்கு 160 தரும் ‘டபுள் போனஸ்’ ஆட்டத்திலோ, ஃபுல் ஹவுஸுக்கு 10 காசு தரும் இயந்திரத்தில்கூட, ஜோடியைக் கழித்து மூன்று ஏஸ்களை மட்டும் வைத்திருப்பதன் சராசரி 10.1. வித்தியாசம் மயிரிழைதான், என்றாலும் ஓர் ஆட்டத்துக்குக் கற்ற விதியை இன்னொன்றில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனி, நீங்கள் கேட்காததும் நான் மிக முக்கியமாகக் கருதுவதுமான ஒன்று. பரிந்துரை எவ்வளவு சரியாக இருந்தாலும் அது திருத்துவது உங்கள் ஆட்டத்தைத்தானே தவிர, பரிசுப் பட்டியலை அல்ல. ஜாக்ஸ் ஆர் பெட்டரில் ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃப்ளஷுக்கு 6 தரும் இயந்திரத்தில் பிழையின்றி ஆடினால், நீண்ட கால அளவில் 99.54 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அதே ஆட்டம், அதே திரை, ஆனால் 8-ம் 5-ம் தருவதாக இருந்தால் 97.30, 6-ம் 5-ம் என்றால் 95.00. பொதுவாக ஆடுபவர்களின் பிழைகளே சூதாட்ட விடுதிக்கு ஒரு வருமானம். அந்தப் பிழைகளை இயந்திரமே திருத்திவிடுகிறது என்றால், விடுதியின் பங்கு பட்டியலிலிருந்துதான் வந்தாக வேண்டும். எனவே பரிந்துரை காட்டும் இயந்திரத்தில் அந்த இரண்டு எண்களையும் மற்றவற்றைவிடக் கவனமாகப் பாருங்கள்.

பணத்தில் சொன்னால், 25 சென்ட் இயந்திரத்தில் ஐந்து காசு என்பது ஆட்டத்துக்கு ஒன்றேகால் டாலர். மணிக்கு 600 ஆட்டம் என்றால் 750 டாலர் சுழல்கிறது. முதல் பட்டியலில் சராசரி இழப்பு மணிக்கு ஏறத்தாழ மூன்றரை டாலர், கடைசிப் பட்டியலில் முப்பத்தேழரை டாலர். மேலே சொன்ன திரும்பும் சதவீதத்திலும் ராயல் ஃப்ளஷின் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம் அடங்கியிருக்கிறது. அது வருவதோ சுமார் 40,000 ஆட்டங்களுக்கு ஒருமுறை. ஓரிரு மணி நேரம் ஆடுபவருக்கு அது வராமல் போவதே இயல்பு என்பதால், நல்ல இயந்திரத்திலும் மணிக்குப் பதினெட்டு டாலர் அளவுக்கு இழப்பை எதிர்பார்த்தே உட்காருங்கள். ஒரே காசு கட்டினால் ராயல் ஃப்ளஷுக்கு 250 மட்டுமே என்பதால் விகிதம் இன்னும் குறையும். ஆகவே செலவைக் குறைக்க விரும்பினால், சிறிய மதிப்புள்ள இயந்திரத்தில் ஐந்து காசு கட்டுவதே நல்லது. இயந்திரமே சீட்டைக் குறித்துவிடும்போது யோசிக்கும் இடைவெளி மறைந்து விரல் வேகமாகப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழியில் அமெரிக்கப் பழங்குடியினர் நடத்தும் விடுதிகளுக்குப் போக நேர்ந்தால், திரையின் மூலையில் சிறிய பிங்கோ அட்டை (குலுக்கி எடுக்கும் எண்களைப் பொருத்திப் பார்க்கும் ஆட்டத்தின் எண் கட்டம்) தெரிகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் முடிவைத் தீர்மானிப்பது பிங்கோ. சீட்டுகள் வெறும் காட்சி. அங்கே மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

புறப்படும் முன் பழகிப் பார்க்க, பணம் கட்டாத பயிற்சிச் செயலிகள் போதும். பணம் கட்டச் சொல்லும் எதையும் கைப்பேசியில் திறக்க வேண்டாம். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் நாடு முழுவதும் தடை செய்கிறது. பயிற்சியின்போது பரிந்துரையை அணைத்துவிட்டு, ஐந்து சீட்டுகளையும் பார்த்து நீங்களே முடிவுசெய்த பிறகு அதை இயக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கைகளில் மீண்டும் மீண்டும் வேறுபடுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவந்தால், இரண்டு வாரங்களில் அந்தப் பட்டியல் பத்துக் கைகளுக்குள் சுருங்கிவிடும். அந்தத் தாளை லாஸ் வேகாஸுக்கும் எடுத்துச் செல்லுங்கள்.